பணக் கணக்கைத் தவறில்லாமல் போடுவது எப்படி? 5 முதல் 8-ஆம் வகுப்பு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

“12 பேனாவின் விலை 96 ரூபாய். 7 பேனா என்ன விலை?” இதற்கு 672 என்று விடை எழுதும் பிள்ளைக்குப் பெருக்கல் நன்றாகவே தெரியும். 96-ஐ 7-ஆல் பெருக்கினால் 672 தான். ஒரு டஜனுக்கே 96 ரூபாய் என்றால் ஏழு பேனா அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும் என்பதை மட்டும் அது பார்க்கவில்லை. அதே பிள்ளையைப் பக்கத்துக் கடைக்கு அனுப்பினால் 672 ரூபாய் கொடுத்துவிட்டு வராது.

வாக்கியக் கணக்கில் மதிப்பெண் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். எண் மனத்தில் நிற்கிறது, அது எதற்குரிய எண் என்பது கழன்று விழுந்துவிடுகிறது. 96 என்பதற்கு ஒரு வால் உண்டு: “12 பேனாவுக்கு”. 10% என்பதற்கும் ஒரு வால் உண்டு: “குறித்த விலையில்”. வட்டி 2 என்பதற்கும் உண்டு: “மாதத்துக்கு, நூறு ரூபாய்க்கு”. வாலை வெட்டாமல் கடைசி வரி வரை கொண்டுபோகப் பழகிவிட்டால் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தலில் எதைப் போடுவது என்ற குழப்பம் பாதிக்கு மேல் தீர்ந்துவிடும்.

வினாவை மூன்று முறை வாசிப்பது

முதல் வாசிப்பில் எண்களைக் கண்டுகொள்ள வேண்டாம். யார் வாங்குகிறார், யார் விற்கிறார், பணம் எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்குப் போகிறது என்பது தெரிந்தால் போதும். சின்னப் பிள்ளை என்றால் எண்களை விரலால் மறைத்துக்கொண்டு, நடந்ததை வாயால் சொல்லச் சொல்லுங்கள். சொல்ல வராவிட்டால் சிக்கல் கணக்கில் இல்லை, வாசிப்பில் இருக்கிறது. அந்த நேரத்தில் வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்லிப் பயனில்லை.

இரண்டாம் வாசிப்பில் கேள்வி கேட்கும் வரியை மட்டும் எடுத்து, விடை வாக்கியமாக மாற்றி, எண்ணுக்குரிய இடத்தைக் காலியாக விட்டுத் தாளின் அடியில் எழுதிவிடுங்கள். “கடைக்காரர் திருப்பித் தரும் தொகை ____ ரூபாய்.” கணக்குப் போடுவதற்கு முன்பே இதை எழுத வேண்டும். மொத்த விலையைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியில் அதையே விடையாக எழுதிவிட்டு மீதிச் சில்லறையை மறந்துபோவது மிகப் பரவலான தவறு. காலியாகக் கிடக்கும் அந்தக் கோடு பிள்ளையை நிறுத்த விடாது.

மூன்றாம் வாசிப்பில் ஒவ்வோர் எண்ணையும் வாலோடு எழுதுங்கள். “12 பேனா = 96 ரூ., 7 பேனா = ?” என்று. வால் ஒட்டாத எண் ஏதாவது மிஞ்சினால் அது கணக்குக்கு வேண்டாத எண்ணாக இருக்கலாம். “40 மாணவர்கள் படிக்கும் வகுப்பில் ரவி 15 ரூபாய் வீதம் 3 நோட்டு வாங்கினான்” என்றால் அந்த 40-க்கு இங்கே வேலை இல்லை.

தமிழ் வாக்கியத்தில் ஒளிந்திருக்கும் பொறிகள்

“மொத்தம் என்று வந்தால் கூட்டு, மீதி என்று வந்தால் கழி” என்று சொல்லிக்கொடுப்பது இரண்டாம் வகுப்பில் கைகொடுக்கும். ஐந்தாம் வகுப்பில் காலை வாரிவிடும். “மூவரிடமும் சேர்த்து மொத்தம் 450 ரூபாய் உள்ளது. இருவரிடம் 300 என்றால் மூன்றாமவரிடம் எவ்வளவு?” இதில் மொத்தம் இருக்கிறது, செய்ய வேண்டியதோ கழித்தல். ஒற்றைச் சொல்லைப் பிடித்துக்கொள்வதற்குப் பதில் வேற்றுமை உருபையும் சொல்லின் கடைசி எழுத்துகளையும் கவனிக்கப் பழக்குவது நல்லது. தமிழில் பொருள் அங்கேதான் மாறும்.

“5 நோட்டுகளை 60 ரூபாய்க்கு வாங்கினாள்” என்றால் கையை விட்டுப் போனது 60 ரூபாய். “5 நோட்டுகளை 60 ரூபாய் வீதம் வாங்கினாள்” என்றால் போனது 300 ரூபாய். “தலா 60”, “ஒன்று 60”, “ஆளுக்கு 60” எல்லாம் வீதத்தின் குடும்பம். அங்கே பெருக்க வேண்டும். முதல் வாக்கியத்தில் ஒன்றின் விலை வேண்டுமானால் வகுக்க வேண்டும். ‘க்கு’, ‘வீதம்’ என்ற இந்த வித்தியாசத்தை மட்டும் பத்து வாக்கியம் எழுதிப் பழக்கலாம். எண்ணைக் கணக்கிடக்கூட வேண்டாம்.

அடுத்தது ‘விட’. “கவிதாவிடம் 85 ரூபாய் உள்ளது. அது முருகனிடம் உள்ளதைவிட 20 ரூபாய் அதிகம். முருகனிடம் எவ்வளவு?” அதிகம் என்ற சொல்லைப் பார்த்ததும் 105 என்று எழுதுவார்கள். ‘விட’ யாரோடு ஒட்டியிருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். வாக்கியம் ‘அதிகம்’ என்று முடிந்தால் ‘விட’ ஒட்டிய ஆளிடம் குறைவாக இருக்கும். ‘குறைவு’ என்று முடிந்தால் அவரிடம் கூடுதலாக இருக்கும். இங்கே முருகனிடம் 65 ரூபாய்.

இன்னொன்று ‘ஆக’. 80 ரூபாய்ப் பொருளின் விலை “20 ரூபாய் குறைந்தது” என்றால் புதிய விலை 60. “20 ரூபாயாகக் குறைந்தது” என்றால் புதிய விலை 20. இரண்டெழுத்தில் 40 ரூபாய் வித்தியாசம்.

பைசாவும் கிராமும்

1957 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் ஒரு ரூபாய்க்கு 100 பைசா. அதற்கு முன் ஒரு ரூபாய்க்கு 16 அணா. அதனால்தான் தாத்தா பாட்டிகள் கால் ரூபாயை நாலணா என்றும் அரை ரூபாயை எட்டணா என்றும் இன்றும் சொல்கிறார்கள். 25 பைசாவும் அதற்குக் கீழான நாணயங்களும் 2011 ஜூன் இறுதியோடு செல்லாமல் போயின. கையில் பைசாவையே பார்க்காமல் வளரும் பிள்ளைக்குப் புத்தகத்தில் பைசா புள்ளி வைத்த எண்ணாக மட்டும்தான் தெரியும். ஆகவே புள்ளியில் தடுமாறுகிறது.

7 ரூபாய் 5 பைசா என்பது 7.05. அதை 7.5 என்று எழுதினால் 7 ரூபாய் 50 பைசா ஆகிவிடும். ரூபாய்க்கு வலப்பக்கம் எப்போதும் இரண்டு இடம் என்று வைத்துக்கொண்டால் தவறு வராது: 7.05, 7.50, 7.00. எடையில் வலப்பக்கம் மூன்று இடம்: 1 கிலோ 50 கிராம் என்பது 1.050, 1 கிலோ 500 கிராம் என்பது 1.500. கூட்டும்போது புள்ளிக்கு நேர்கீழே புள்ளி.

எடையையும் விலையையும் பெருக்கும்போது கிராமை நேராகப் போடுவதால் வரும் விபத்து இன்னும் பெரியது. “ஒரு கிலோ கேரட் 48 ரூபாய், 350 கிராம் என்ன விலை?” 48 × 350 = 16,800 என்று எழுதிவிட்டுப் புள்ளியை எங்கே வைப்பது என்று விழிப்பார்கள். 48 ரூபாய்க்கு வால் “1000 கிராமுக்கு”. அப்படியானால் 100 கிராமுக்கு 4.80. மூன்று நூறு 14.40, பாதி நூறு 2.40, ஆக மொத்தம் 16.80. காய்கறிக் கடையில் மனக்கணக்காகப் போடுவதும் இப்படித்தான். 750 கிராம் என்றால் கால் கிலோ 12 ரூபாய், முக்கால் கிலோ 36. காலும் அரையும் முக்காலும் மனத்தில் இருக்கும் பிள்ளைக்கு 0.75-ஆல் பெருக்கும் வேலையே இல்லை.

பட்டியல் கணக்கு: ஒன்றை முழுதாகப் போட்டுப் பார்ப்போம்

“ஒருவர் கிலோ 62 ரூபாய் வீதம் 5 கிலோ அரிசி, கிலோ 160 ரூபாய் வீதம் 750 கிராம் துவரம்பருப்பு, லிட்டர் 380 ரூபாய் வீதம் அரை லிட்டர் நல்லெண்ணெய், ஒன்று 28 ரூபாய் வீதம் 3 தேங்காய் வாங்கி, இரண்டு 500 ரூபாய் நோட்டு கொடுத்தார். மீதி எவ்வளவு?”

விடை வாக்கியம்: கடைக்காரர் திருப்பித் தரும் தொகை ____ ரூபாய்.

முதலில் குத்துமதிப்பு. அரிசி ஏறத்தாழ 60 × 5 = 300, பருப்பு 120, எண்ணெய் 190, தேங்காய் 30 × 3 = 90. சுமார் 700. மீதி 300-ஐ ஒட்டி வர வேண்டும். இந்த ஒரு வரியைத் தாளின் ஓரத்தில் எழுதிவைத்தால், பிறகு 2,960 என்றோ 29.60 என்றோ வந்தால் உடனே கண்ணில் படும்.

பிறகு சரியான கணக்கு:
அரிசி: 5 × 62 = 310
பருப்பு: கால் கிலோ 40, முக்கால் கிலோ 120
எண்ணெய்: 380-இல் பாதி 190
தேங்காய்: 3 × 28 = 84
மொத்தம்: 704 ரூபாய்
கொடுத்தது: 2 × 500 = 1000 ரூபாய்
மீதி: 1000 − 704 = 296 ரூபாய்

1000-இலிருந்து கடன் வாங்கிக் கழிப்பதில்தான் பிள்ளைகள் வழுக்குவார்கள். கடைக்காரர் அப்படிக் கழிப்பதில்லை, ஏறிப்போகிறார்: 704-க்கு 6 சேர்த்தால் 710, 90 சேர்த்தால் 800, 200 சேர்த்தால் 1000. 6 + 90 + 200 = 296. விடையைச் சரிபார்க்க இதைவிட விரைவான வழி இல்லை. “நாலு ரூபாய் சில்லறை இருக்கா?” என்று அவர் கேட்பதும் கணக்குதான்: 1004-இலிருந்து 704 போனால் நேராக 300. இதை வீட்டில் கேள்வியாகவே கேட்கலாம். 347 ரூபாய் பில்லுக்கு 500 ரூபாயோடு இன்னும் எவ்வளவு கொடுத்தால் முழு நோட்டாகத் திரும்பி வரும்? 47 கொடுத்தால் 200 வரும். 7 கொடுத்தால் 160 வரும். கையில் இருப்பதைப் பொறுத்து இரண்டும் சரி.

ஓரலகு முறை கைகொடுக்கும் இடமும் கைவிடும் இடமும்

முதலில் பார்த்த பேனாவுக்கு வருவோம். 12 பேனா 96 ரூபாய், 1 பேனா 96 ÷ 12 = 8 ரூபாய், 7 பேனா 56 ரூபாய். மூன்று வரியிலும் பேனா இடப்பக்கம், ரூபாய் வலப்பக்கம். எதைக் கேட்கிறார்களோ அது வலப்பக்கம் வர வேண்டும். “64 ரூபாய்க்கு எத்தனை பேனா?” என்று திருப்பிக் கேட்டால் பக்கங்களையும் திருப்ப வேண்டும்.

ஒன்றின் விலை முழுதாக வராதபோது இந்த முறையைப் பிடித்துத் தொங்கக் கூடாது. “3 பேனா 20 ரூபாய், 18 பேனா?” ஒன்று 6.67 என்று எடுத்து 18-ஆல் பெருக்கினால் 120.06 வரும். அந்த ஆறு பைசா வட்டமாக்கியதால் வந்த அழுக்கு. 18 பேனாவில் மூன்று மூன்றாக ஆறு கட்டு; 6 × 20 = 120. வகுக்க வேண்டியதைக் கடைசிவரை தள்ளிப்போடுவது பணக் கணக்கில் எப்போதும் நல்ல பழக்கம்.

விலை ஏறினால் எண்ணிக்கை குறையும் கணக்கும் உண்டு. “15 ரூபாய் நோட்டு 24 வாங்கப் போதுமான பணம் இருக்கிறது. நோட்டின் விலை 18 ரூபாய் ஆனால் எத்தனை வாங்கலாம்?” இங்கே மாறாமல் இருப்பது எது என்று கேளுங்கள். கையிலுள்ள பணம்: 15 × 24 = 360. 360 ÷ 18 = 20 நோட்டு. மாறாததைக் கண்டுபிடித்தால் நேர் மாறலா எதிர் மாறலா என்று பெயர் சொல்லாமலே கணக்கு முடிந்துவிடும்.

மீதி வரும் வகுத்தலில் தாள் ஒன்று சொல்லும், கடை வேறொன்று சொல்லும். 100 ரூபாய்க்கு 12 ரூபாய்ப் பேனா எத்தனை? 8.33 பேனாவை யாரும் தர மாட்டார்கள். 8 பேனா, மீதி 4 ரூபாய். அதுவே ஊர்தி என்றால் மேலே ஏற்ற வேண்டும். “45 பேர் சுற்றுலா போகிறார்கள். ஒரு வேனில் 12 பேர், ஒரு வேனுக்கு வாடகை 2,800 ரூபாய். ஆளுக்கு எவ்வளவு வசூலிக்க வேண்டும்?” 45 ÷ 12 = 3.75; ஆகவே 4 வேன், 11,200 ரூபாய். 45-ஆல் வகுத்தால் 248.88 சொச்சம். 248 என்று வசூலித்தால் 40 ரூபாய் குறையும். 249 என்று வசூலித்தால் 5 ரூபாய் மிஞ்சும். செலவுக்கு வசூலிப்பதை மேலேதான் முழுதாக்க வேண்டும். 2,800-ஐ 12-ஆல் வகுத்து ஆளுக்கு 233.33 என்று எழுதுபவர்கள் கடைசி வேனில் மூன்று இருக்கை காலியாகப் போவதை மறந்துவிட்டார்கள்.

லாபம், நட்டம்: அடக்க விலையில் எதெல்லாம் அடக்கம்?

அடக்க விலை என்ற சொல்லே நல்ல சொல். பொருள் விற்பனைக்குத் தயாராகும் வரை ஆன எல்லாச் செலவும் அதில் அடங்கும். “ஒரு வியாபாரி 20 கிலோ தக்காளியை 480 ரூபாய்க்கு வாங்கினார். வண்டிக் கூலி 60 ரூபாய். 2 கிலோ அழுகிவிட்டது. மீதியைக் கிலோ 35 ரூபாய் வீதம் விற்றார். லாபமா, நட்டமா? எத்தனை சதவீதம்?”

அடக்க விலை 480 + 60 = 540. விற்றது 18 கிலோ; விற்ற விலை 18 × 35 = 630. லாபம் 90 ரூபாய். லாபச் சதவீதம் 90 ÷ 540 × 100 = 16⅔%.

தவறு நுழையும் வாசல்கள் மூன்று. கூலியைச் சேர்க்காமல் 150 ரூபாய் லாபம் என்று எழுதுவது. அழுகியதையும் விற்றதாகக் கொண்டு 700 ரூபாய் என்று எழுதுவது. 90-ஐ 630-ஆல் வகுப்பது. அழுகிய 2 கிலோவின் விலையை அடக்க விலையிலிருந்து கழிப்பவர்களும் உண்டு. அது கூடாது, தக்காளி குப்பைக்குப் போனாலும் அதற்குக் கொடுத்த பணம் போனதுதான். வினா வேறு விதமாகச் சொல்லாதவரை லாபச் சதவீதம் அடக்க விலையின் மேல்தான்.

இதையே திருப்பி, “20% லாபம் வேண்டுமானால் கிலோ எவ்வளவுக்கு விற்க வேண்டும்?” என்று கேட்டால்: 540-இல் 20% 108, வர வேண்டியது 648, அதை 18-ஆல் வகுத்தால் கிலோ 36 ரூபாய். 20-ஆல் வகுத்தால் 32.40 என்று வரும், அந்த விலைக்கு விற்றால் 20% கிடைக்காது.

சதவீதக் கணக்கில் கேட்க வேண்டிய கேள்வி “எதன் மேல்?” என்ற ஒன்றுதான் என்பதை நன்றாகக் காட்டும் பழைய வினா: “இரண்டு நாற்காலிகளை ஒவ்வொன்றும் 1,200 ரூபாய்க்கு விற்றதில் ஒன்றில் 20% லாபம், மற்றதில் 20% நட்டம். மொத்தத்தில் என்ன?” லாபமுமில்லை நட்டமுமில்லை என்றுதான் பெரியவர்களும் சொல்வார்கள். முதல் நாற்காலியின் அடக்க விலை 1,000, இரண்டாவதின் அடக்க விலை 1,500 (அதில் 20% போனால்தானே 1,200?). போட்டது 2,500, வந்தது 2,400. நட்டம் 100 ரூபாய், அதாவது 4%. இரண்டு 20-க்கும் வால் வேறு வேறு. ஒன்று ஆயிரத்தின் மேல், மற்றது ஆயிரத்து ஐந்நூறின் மேல்.

தள்ளுபடியும் வரியும்

தள்ளுபடி குறித்த விலையின் மேல். 2,000 ரூபாய்ச் சேலைக்கு 10% தள்ளுபடி, பிறகு பண்டிகைக்காக மேலும் 5% என்றால் மொத்தம் 15% என்று கூட்டக் கூடாது. 2,000-இல் 200 போக 1,800. 1,800-இல் 5% 90 போக 1,710. மொத்தத் தள்ளுபடி 290 ரூபாய், 14.5%. “2 வாங்கினால் 1 இலவசம்” என்பதை 50% தள்ளுபடி என்று எண்ணுவது இன்னொரு மயக்கம். மூன்று பொருளில் ஒன்றின் விலை குறைகிறது; 33⅓% தான்.

சரக்கு மற்றும் சேவை வரி 2017 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. பாடநூல்களில் 5, 12, 18, 28 என்ற வீதங்களைப் பார்க்கலாம். 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான பொருள்கள் 5, 18 என்ற இரண்டுக்குள் வந்துவிட்டன. தேர்வில் வினாவில் தந்த வீதம் எதுவோ அதைத்தான் எடுக்க வேண்டும். பில்லில் மத்திய வரி 9%, மாநில வரி 9% என்று இரண்டாகப் பிரித்திருந்தால் சேர்த்து 18%. வரி, தள்ளுபடி போக மீதமுள்ள விலையின் மேல் வரும்.

நகைக் கடைக் கணக்கு இதற்கு நல்ல பயிற்சி. ஒரு சவரன் 8 கிராம். கிராம் 10,000 ரூபாய், சேதாரம் 10%, வரி 3% என்று வைத்துக்கொள்வோம். தங்கம் 80,000, சேதாரம் 8,000, இரண்டும் சேர்ந்து 88,000. வரி இந்த 88,000-இன் மேல்: 2,640. மொத்தம் 90,640. 10-ஐயும் 3-ஐயும் கூட்டி 80,000-இல் 13% போட்டால் 90,400 வரும். 240 ரூபாய் குறைகிறது. அந்த 240, சேதாரத்தின் மேல் விழுந்த வரி.

வரி உட்பட விலை தந்துவிட்டு வரியை மட்டும் கேட்டால் பலர் சறுக்குகிறார்கள். “18% வரி உட்பட ஒரு மின்விசிறி 1,180 ரூபாய். வரி எவ்வளவு?” 1,180-இல் 18% எடுத்தால் 212.40. தவறு. வரிக்கு முந்தைய விலை 100 என்றால் கொடுப்பது 118. 1,180 ÷ 118 × 100 = 1,000. வரி 180. “உட்பட” என்ற சொல்லைப் பார்த்ததும் 100-உடன் வீதத்தைக் கூட்டி வகுக்க வேண்டும். உறையில் அச்சிட்டிருக்கும் அதிகபட்ச சில்லறை விலையும் எல்லா வரியும் உட்பட்டதே. அதன் மேல் மறுபடி வரி போடக் கூடாது.

வட்டி: பள்ளி வட்டியும் ஊர் வட்டியும்

தனிவட்டி = அசல் × ஆண்டு × வட்டி வீதம் ÷ 100. காலம் மாதத்தில் தந்திருந்தால் 12-ஆல் வகுத்து ஆண்டாக்க வேண்டும். 8 மாதத்தை 0.8 ஆண்டு என்று எழுதுவது வழக்கமான தவறு. 8/12 என்று பின்னமாகவே விட்டுவிட்டால் கடைசியில் அடிபட்டுப் போகும்.

வீட்டில் கேட்கும் பேச்சும் புத்தகமும் மோதும் இடம் இதுதான். புத்தகத்தில் 2% என்றால் ஆண்டுக்கு. ஊரில் “ரெண்டு வட்டி” என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் 2 ரூபாய், அதாவது ஆண்டுக்கு 24%. 15,000 ரூபாயை ரெண்டு வட்டிக்கு 8 மாதம் வாங்கினால் மாதம் 300, எட்டு மாதத்துக்கு 2,400 ரூபாய் வட்டி. புத்தகத்து 2%-இல் அதே தொகைக்கு 15,000 × 8/12 × 2 ÷ 100 = 200 ரூபாய்தான். பன்னிரண்டு மடங்கு வித்தியாசம். ஆகவே வினாவில் “மாதத்துக்கு”, “ஆண்டுக்கு” என்ற சொல்லை வட்டமிட்ட பிறகே எண்ணைத் தொட வேண்டும்.

தண்டல் கணக்கையும் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குக் காட்டலாம், பிழைப்புக்கு உதவும். பத்திரத்தில் 10,000, கையில் தருவது 9,000, நாளுக்கு 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். வட்டி 1,000 தானே, 10% தானே என்று தோன்றும். கைக்கு வந்த அசல் 9,000. அதன் மேல் 1,000 என்றால் 11.11%. அதுவும் ஓர் ஆண்டுக்கல்ல, 100 நாளுக்கு. முதல் நாளிலிருந்தே அசல் குறைந்துகொண்டு வருவதைச் சேர்த்துப் பார்த்தால் உண்மையான சுமை இன்னும் மேலே.

கூட்டுவட்டியில் இரண்டாம் ஆண்டின் அசல் முதல் ஆண்டின் வட்டியையும் சேர்த்தது. 10,000 ரூபாய்க்கு 10% வீதம்: முதல் ஆண்டு 1,000, இரண்டாம் ஆண்டு 11,000-இல் 10% 1,100, ஆக 2,100. தனிவட்டியில் 2,000. கூடுதலாக வந்த 100, முதல் ஆண்டு வட்டியான 1,000-இன் மேல் விழுந்த வட்டி. சூத்திரத்தை மறந்தாலும் ஆண்டு ஆண்டாகப் போட்டு விடையை எட்டிவிடலாம்.

படிப்படியாக மாறும் கட்டணம்

மின்கட்டணம், ஆட்டோ, பார்சல் எல்லாம் இந்த வகை. “முதல் 100 யூனிட் இலவசம், அடுத்த 100 யூனிட்டுக்கு யூனிட் 3 ரூபாய், அதற்கு மேல் யூனிட் 5 ரூபாய். 260 யூனிட்டுக்கு எவ்வளவு?” முதலில் 260-ஐ உடைக்க வேண்டும்: 100 + 100 + 60. பிறகு 0 + 300 + 300 = 600 ரூபாய். 260 × 5 = 1,300 என்றோ 160 × 5 = 800 என்றோ எழுதுபவர்கள் கடைசிப் படியின் வீதத்தை எல்லாப் படிக்கும் போட்டுவிட்டார்கள். உடைத்த பகுதிகளைக் கூட்டினால் மறுபடி 260 வருகிறதா என்று பார்த்துவிட்டுப் பெருக்கத் தொடங்குங்கள்.

ஆட்டோவில் “முதல் 2 கிலோமீட்டருக்கு 50 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 18 ரூபாய்” என்றால் 7 கிலோமீட்டருக்கு 50 + 5 × 18 = 140. முதல் இரண்டு கிலோமீட்டரைக் கழிக்காமல் விட்டால் 176 ஆகிவிடும்.

விடையைத் திருப்பிப் போட்டுப் பார்ப்பது

“சரிபார்த்தாயா?” என்று கேட்டால் பிள்ளைகள் அதே பெருக்கலை அதே வழியில் இன்னொரு முறை பார்ப்பார்கள், அதே தவறுதான் திரும்ப வரும். விடையை வினாவுக்குள் வைத்துப் பின்னாலிருந்து நடக்க வேண்டும். பேனா 8 ரூபாய் என்றால் 12 பேனா 96 வருகிறதா? வரிக்கு முந்தைய விலை 1,000 என்றால் 18% சேர்த்து 1,180 வருகிறதா? மீதி 296 என்றால் 704-உடன் சேர்ந்து 1,000 ஆகிறதா? அரை நிமிட வேலை. அதோடு முதலில் எழுதிய குத்துமதிப்பையும் ஒப்பிட்டு, காலியாக விட்ட விடை வாக்கியத்தை நிரப்பிவிட்டால் “ரூபாய்” எழுதாமல் விட்டதற்கு அரை மதிப்பெண் போவதும் நிற்கும்.

வீட்டில் பயிற்சி தர விரும்புபவர்கள் மளிகை பில்லை எடுத்து ஓர் எண்ணை மட்டும் மறைத்துக் கேட்கலாம்: சில நாள் மொத்தத்தை, சில நாள் கிலோ விலையை, சில நாள் எடையை. மறைக்கும் இடம் மாறினால் செய்ய வேண்டிய கணக்கும் மாறும். அடுத்த கட்டமாக, கணக்கைப் பிள்ளையையே எழுதச் சொல்லுங்கள். “540 ÷ 18 = 30 என்று வரும்படி ஒரு பணக் கணக்குச் சொல்” என்றால், 540-க்கும் 18-க்கும் 30-க்கும் வால் தேடித்தான் ஆக வேண்டும்.

போட்டுப் பார்க்க மூன்று:

1. ஒரு முழம் மல்லிகை 40 ரூபாய். இரண்டே கால் முழம் வாங்கி 200 ரூபாய் கொடுத்தால் மீதி எவ்வளவு?
2. 20% தள்ளுபடி போக ஒரு சட்டை 640 ரூபாய். குறித்த விலை என்ன?
3. மாதம் நூற்றுக்கு ஒன்றரை ரூபாய் வட்டிக்கு வாங்கிய 12,000 ரூபாய்க்கு 5 மாதம் கழித்து மொத்தம் எவ்வளவு திருப்பித் தர வேண்டும்?

விடைகள்: முதலாவது 110 ரூபாய், 90 என்று வந்தால் பூவின் விலையோடு நின்றுவிட்டீர்கள். இரண்டாவது 800 ரூபாய். 768 என்று வந்தால் 20%-ஐ 640-இன் மேல் போட்டுவிட்டீர்கள். மூன்றாவது 12,900 ரூபாய். 12,075 என்று வந்தால் மாத வட்டியை ஆண்டு வட்டியாக எடுத்துக்கொண்டீர்கள், 900 என்று வந்தால் அசலைச் சேர்க்கவில்லை.